சும்மாட்டுக்குக் கண்ணாடி

கல்யாண முருங்கைக் கட்டையைக் கையில் எடுத்தால் கனமே தெரிவதில்லை. விடிய விடியத் தலையிலும் தோளிலும் சுமந்து ஆட வேண்டியவர்களுக்கு ஏற்ற மரம். அதைச் செதுக்கிக் கண்ணாடிச் சில்லும் வண்ணத் தாளும் ஒட்டினால் கிரீடம், புஜகீர்த்தி, மார்ப்பதக்கம். இவற்றை அணிந்து வரும் துரியோதனனையும் கர்ணனையும் கட்டை வேஷம் என்கிறார்கள் தெருக்கூத்துக்காரர்கள்.

செய்யாறு பக்கத்து ஜமா, அதாவது கூத்துக்குழு, ஒன்று கட்டையே இல்லாத நாயகனை வைத்துப் புதுக்கூத்து கட்டியிருக்கிறது, அது சென்னையில் பெரிய மேடைக்குப் போகிறது என்று நண்பர் சொன்னதால்தான் போனேன். நாயகன் கிணறு வெட்டும் கூலியாள்.

ஊரே இதைப் பேசிக்கொண்டிருந்தது. கர்ண மோட்சத்தில் ஒரு வரி தவறினால் முன்வரிசையிலிருந்து எடுத்துக் கொடுக்கிற ரசிகர்கள் இவர்கள். "கட்டை இல்லாதவன் திரைக்குப் பின்னால நின்னு என்னா விருத்தம் பாடுவான்?" என்றார் டீக்கடைப் பெரியவர். சென்னைக்குப் போக வேன் பேசிவிட்ட இளைஞர்கள் விடவில்லை: "புரிசையில வெளிநாட்டு எழுத்தாளர் மார்க்கேஸ் கதையையே கூத்தா ஆடினாங்களே, தாத்தா!"

கட்டை செய்பவரின் திண்ணையில்தான் எனக்கு நேரம் போனது. சிறுவயதில் பெண் வேஷம், பிறகு கிருஷ்ணன், நெடுங்காலம் துரியோதனன். முழங்கால் போனபின் உளியை எடுத்தவர். மடியில் வட்டமாக ஒன்றை வைத்து இழைத்துக்கொண்டிருந்தார்.

"இது என்னங்க ஐயா?"

"சும்மாடு. மண்ணு சொமக்கறவனுக்கு வேற என்னா கிரீடம் இருக்குது, தம்பி?"

அதில் கண்ணாடி ஒட்டலாமா என்பதில் அவருக்கும் ஜமாவின் வாத்தியாருக்கும் வழக்கு. கூலியாள் தலையில் மினுக்கு எதற்கு என்பது வாத்தியார் கட்சி. ஒளி படாவிட்டால் கடைசி வரிசைக்காரனுக்கு அவன் இருப்பதே தெரியாது என்பது இவர் கட்சி. நான் இவர் பக்கம். கூத்து ஆளைப் பெரிதாக்கிக் காட்டுகிற கலை. கூலியாளை மட்டும் ஏன் சிறிதாக விட வேண்டும்?

பணம் பற்றிக் கேட்டபோது திண்ணை அமைதியானது. ஊர்க்கூத்துக்குத் தாம்பூலம் வைத்து நேரில் பேசி முடிப்பார்கள். சென்னை ஆட்டத்துக்கு நடுவில் ஓர் ஏற்பாட்டாளர். அவர் வாங்குவது எவ்வளவு என்று ஜமாவில் யாருக்கும் தெரியாது. வேன் வாடகை இவர்கள் தலையில். விளம்பரத் தாளில் கட்டை செய்தவர் பெயர் இல்லை. இரவு முழுக்க ஆடுவதை ஒன்றரை மணி நேரமாக வெட்டச் சொன்னதும் அதே ஆள்தான். கலையை வளர்க்கிறோம் என்று மேடையேறிப் பேசுகிறவர்கள் முதலில் கணக்கைக் காட்டட்டும். வியர்வை ஒருவனுடையது, பொன்னாடை இன்னொருவனுக்கு என்பது கொள்ளை.

இதற்கிடையே ரசிகர்கள் ஒரு முடிவெடுத்துவிட்டார்கள்: தங்கள் முன்னால் ஆடாமல் புதுக்கூத்து பட்டணம் போகக் கூடாது. வாத்தியார் ஒப்புக்கொண்டார். அம்மன் கோயில் திடலில் முழு இரவு ஆட்டம், ஒரு பாட்டும் வெட்டாமல். சும்மாட்டில் பாதிக்கு மட்டும் கண்ணாடி ஒட்டுவதென்று சமரசமாகியிருக்கிறது. மறுபாதியைத் திடலில் பார்த்துத் தீர்மானிப்பார்களாம்.