ஹெட் ஆபீஸ் நம்பாத ரிப்போர்ட்

லண்டன் பிக்காடில்லி சர்க்கஸிலிருந்து பொடிநடையாக ஐந்து நிமிஷம் நடந்தால் வாட்டர்லூ பிளேஸ். சிலைகளின் மாநாடு நடக்கிற இடம். தளபதி, வைஸ்ராய், ராஜா என்று திரும்பின பக்கமெல்லாம் வெண்கலம். அந்தக் கும்பலில் இரண்டு பேர் மட்டும், ஆளுக்கொரு பக்கமாக, நேருக்கு நேர் நிற்கிறார்கள்.

ஒருவர் ராபர்ட் ஸ்காட். தென் துருவத்துக்கு முட்டி மோதிப் போய்ச் சேர்ந்து, அங்கே நார்வேக்காரர் அமுண்ட்ஸென் ஏற்கெனவே கொடி நட்டுவிட்டுப் போயிருந்ததைப் பார்த்து நொந்து, 1912-ல் திரும்பும் வழியில் பனியிலேயே இறந்துபோனவர். எதிரே நிற்பவர் ஸர் ஜான் பிராங்க்ளின். இவர் போனது வடக்கே. இவரும் திரும்பவில்லை.

பிராங்க்ளின் பீடத்தில், வடமேற்குக் கடல்வழியைக் கண்டுபிடித்து முடிப்பதில் உயிரைத் தியாகம் செய்தவர்கள் என்ற பொருளில் பொறித்திருக்கிறார்கள். பக்கவாட்டில் வெண்கலத் தகடுகளில் கூடப் போனவர்களின் பெயர்கள். அந்த வாசகத்தை இரண்டு தரம் படித்தேன். அவ்வளவாக நிஜமில்லை, ஸார். அந்த வழியில் முதன்முதலாகக் கப்பலை ஓட்டி முடித்தவர், 1906-ல், அதே அமுண்ட்ஸென்தான். (பாவம் இங்கிலீஷ்காரர்கள். கீழே போனாலும் அமுண்ட்ஸென், மேலே போனாலும் அமுண்ட்ஸென்!)

வடமேற்குக் கடல்வழி என்பது ஐரோப்பாவிலிருந்து கனடாவின் தலைக்கு மேலே, பனித் தீவுகளின் சந்துபொந்துகளில் நுழைந்து ஆசியாவுக்குப் போகிற குறுக்கு வழி. 1845 வாக்கில் அது வியாபாரத்துக்கு உதவாது என்பது ஓரளவு தெரிந்துவிட்டது. ஆனாலும் கௌரவப் பிரச்னை என்று ஒன்று இருக்கிறதே! அந்த வருஷம் மே 19-ம் தேதி எரிபஸ், டெரர் என்று இரண்டு கப்பல்கள் தேம்ஸ் நதியிலிருந்து கிளம்பின. பனியை முட்ட முகப்பில் இரும்புத் தகடு. ரயில் இன்ஜினைக் கழற்றி உள்ளே வைத்த நீராவி யந்திரம். வெந்நீர்க் குழாய் ஹீட்டிங். ஆயிரத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள். பாட்டுக்குக் கைப்பிடி சுற்றும் ஆர்கன். ஆபீசர்களுக்கு வெள்ளி ஸ்பூன். மூன்று வருஷத்துக்குச் சாப்பாடு. அதில் டப்பா உணவு மட்டும் சுமார் 8,000 டின். கப்பல் கிளம்ப ஏழெட்டு வாரம் இருக்கும்போதுதான், குறைந்த டெண்டர் கொடுத்த ஒருவருக்கு டின் ஆர்டர் போயிற்று. இதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் ஆபீஸில் வேலை பார்க்கிறவர்தானே!

தலைவர் பிராங்க்ளினுக்கு வயது 59. இருபத்துச் சொச்ச வருஷம் முன்பு கனடாவில் நடைப்பயணம் போய், பசியில் தன் பூட்ஸ் தோலையே தின்று உயிர் பிழைத்தவர் என்று ஊரில் பிரபலம். மொத்தம் 129 பேர். ஜூலைக் கடைசியில் திமிங்கில வேட்டைக் கப்பல்காரர்கள் பார்த்ததுதான் கடைசி. அப்புறம் ஒரு கடுதாசிகூட இல்லை.

மூன்று வருஷமாகியும் ஆள் வரவில்லை. மனைவி ஜேன் சீமாட்டி சும்மா இருக்கவில்லை. அரசாங்கம், பத்திரிகை, அமெரிக்க ஜனாதிபதி என்று எல்லோருக்கும் எழுதித் தள்ளினார். காப்பாற்றுகிறவர்களுக்கு 20,000 பவுன் பரிசு அறிவித்தார்கள். அடுத்த பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட தேடும் பயணங்கள். அதில் நடந்த கூத்துக்கள் தனிப் புத்தகம் போடும். நரிகளைப் பிடித்து, 'உதவி இங்கே இருக்கிறது' என்று பொறித்த பட்டையைக் கழுத்தில் மாட்டி அவிழ்த்து விட்டார்கள். பட்டினி கிடக்கிறவன் நரியைக் கண்டால் பிடிப்பான், அப்போது படிப்பான் என்று நினைப்பு. பலூனில் துண்டுக் காகிதம் பறக்கவிட்டார்கள். தேடப் போன கப்பல்களே பனியில் மாட்டிக்கொண்டன. அதில் ரெஸல்யூட் என்ற கப்பலை 1854-ல் கைவிட்டு வந்தார்கள். அது ஆளில்லாமலே மிதந்து வந்து ஓர் அமெரிக்கத் திமிங்கில வேட்டைக்காரரிடம் சிக்கிற்று. அமெரிக்கா அதைச் சரிபண்ணித் திருப்பிக் கொடுத்தது. பிற்பாடு அதை உடைத்தபோது அந்த மரத்தில் ஒரு மேஜை செய்து 1880-ல் விக்டோரியா மகாராணி அனுப்பி வைத்தார். வெள்ளை மாளிகை போட்டோக்களில் ஜனாதிபதி முன்னால் தெரியுமே, அந்த மேஜைதான்.

இவ்வளவு தேடியும் 1850-ல் பீச்சி தீவில் மூன்று சமாதிகள் கிடைத்ததுதான் மிச்சம். முதல் குளிர்காலத்திலேயே இறந்த மூன்று இளைஞர்கள். (1984-லும் 1986-லும் தோண்டிப் பார்த்தபோது பனியில் முகம்கூடக் கலையாமல் கிடந்தார்கள். உடம்பில் ஈயம் அதிகம் என்றார்கள். டின்னின் பற்றவைப்பா, வேறு ஏதாவதா என்று நிபுணர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள்.)

கடைசியில் கடற்படைத் தலைமை அலுவலகம் பொறுமை இழந்து, இவர்கள் எல்லோரும் இறந்ததாகக் கருதப்பட்டு சம்பளப் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறார்கள் என்று அறிவித்துவிட்டது. எந்தத் தேதியிலிருந்து தெரியுமா? 1854 மார்ச் 31! கணக்கு முடிக்கிற நாள். ஃபைல் க்ளோஸ்.

ஃபைலை மூடினால்தானே ரிப்போர்ட் வரும்! அதே அக்டோபரில் வந்தது.

கொண்டுவந்தவர் ஜான் ரே. ஆர்க்னித் தீவுகளில் பிறந்த டாக்டர். ஹட்ஸன் பே கம்பெனியில் உத்தியோகம். இவர் பாணியே வேறு. நாலைந்து பேரோடு போவார். பனியில் நடக்கும் அகலச் செருப்பு, பனிக்கட்டியில் வீடு, தானே வேட்டையாடிச் சாப்பாடு என்று அங்கேயே வாழ்கிற இனூயிட் ஜனங்களிடம் கற்றுக்கொண்டு அவர்கள் மாதிரியே இருப்பார். பனிப் பிரதேசத்தில் வெள்ளி ஸ்பூனை எதற்குக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்பது அவர் கட்சி.

அந்த வருஷம் இனூயிட் ஆட்கள் அவரிடம் சொன்னது இதுதான். சில குளிர்காலங்களுக்கு முன் சுமார் நாற்பது வெள்ளைக்காரர்கள் ஒரு படகை இழுத்துக்கொண்டு தெற்கே போனார்கள். எலும்பும் தோலுமாக இருந்தார்கள். கப்பல் பனியில் நசுங்கிவிட்டது என்று ஜாடையில் சொன்னார்கள். பிற்பாடு முப்பது பேருக்கு மேல் செத்துக் கிடந்தார்கள். கடைசியில் இருந்தவர்கள், செத்தவர்களைத் தின்றிருக்கிறார்கள். பானைகளில் அதன் அடையாளம் இருந்தது.

சொன்னதோடு பொருள்களையும் விற்றார்கள். பிராங்க்ளின் குடும்ப முத்திரை போட்ட வெள்ளி ஸ்பூன்கள், முள்கரண்டிகள், அவருடைய பதக்கம். ரே அப்படியே எழுதி ரிப்போர்ட் கொடுத்தார். அது பத்திரிகையிலும் வந்துவிட்டது.

லண்டன் கொதித்தது. ஜேன் சீமாட்டிக்கு ஆத்திரம். சார்லஸ் டிக்கன்ஸ், ஆமாம், நாவலாசிரியர் டிக்கன்ஸேதான், தன் வாரப் பத்திரிகையில் பக்கம் பக்கமாக எழுதினார். இங்கிலீஷ் மாலுமி அப்படிச் செய்யமாட்டான். காட்டு ஜனங்கள் சொல்வதை நம்ப முடியாது. அவர்களே அடித்துக் கொன்றிருக்கலாம் என்கிற தினுசில். ரே பதில் எழுதினார். இவர்களோடு பல காலம் பழகியவன் நான், நம்பத்தக்கவர்கள் என்றார். யார் காதில் விழும்? பரிசுத் தொகையில் 10,000 பவுன் அவருக்கும் அவர் ஆட்களுக்கும் கிடைத்தது. ஸர் பட்டம் கிடைக்கவில்லை.

ஆபீஸில் பார்த்திருப்பீர்கள். குடோனில் சரக்கு குறைகிறது என்று வாட்ச்மேன் சொன்னால் மேனேஜர் காதில் ஏறாது. அதையே வெளியிலிருந்து வந்த ஆடிட்டர் டை கட்டிக்கொண்டு சொன்னால் எழுந்து உட்காருவார். இங்கே வாட்ச்மேன் ஸ்பூனைக் கையில் கொடுத்தும் ஏறவில்லை.

அந்த ஸ்பூன்களைப் பார்க்கவேண்டும் என்று வெஸ்ட்மின்ஸ்டர் படகுத் துறையில் படகு ஏறி கிரீனிச் போனேன். ஏறக்குறைய ஒரு மணி நேரம். தேசியக் கடல்சார் மியூசியத்துக்கு டிக்கெட் கிடையாது, இலவசம் (பவுனை ரூபாயில் பெருக்கிப் பெருக்கிக் களைத்தவனுக்கு இது பெரிய ஆறுதல்). கண்ணாடிப் பெட்டிக்குள் ஸ்பூன், கறுத்துப்போன டின், பனியில் கண் கூசாமல் இருக்க மாட்டுகிற கண்ணாடி. எல்லாம் சின்னச் சின்ன சாமான்கள். நம் வீட்டுப் பரணில் கிடந்தால் பழைய பாத்திரக்காரனுக்குப் போட்டுவிடுவோம்.

பிராங்க்ளின் விவகாரத்தில் எழுத்தில் கிடைத்த ஒரே முக்கியமான சாட்சியும் இந்த மியூசியத்தின் வசம்தான் இருக்கிறது. ஜேன் சீமாட்டி தன் முயற்சியில் அனுப்பிய கப்பலின் ஆட்கள் 1859-ல் கிங் வில்லியம் தீவில், கற்குவியலில் கண்டெடுத்த ஒரு பாரம். அச்சடித்த பாரம்தான், நம் ஆபீஸ் பாரம் மாதிரியே. 1847 மே 28-ம் தேதி அதில் எல்லாம் நலம் என்று எழுதியிருக்கிறார்கள். அடுத்த வருஷம் ஏப்ரல் 25-ம் தேதி அதே காகிதத்தின் ஓரங்களில் நெருக்கி நெருக்கி வேறு சேதி. முதல் சேதி எழுதிய இரண்டாவது வாரம், ஜூன் 11-ல் பிராங்க்ளின் இறந்துவிட்டார். இதுவரை 24 பேர் போய்விட்டார்கள். கப்பல்களைக் கைவிட்டு 105 பேர் கரையிறங்கியிருக்கிறோம். நாளை தெற்கே ஆற்றை நோக்கிக் கிளம்புகிறோம். எழுதியவர் எரிபஸ் காப்டன் ஃபிட்ஸ்ஜேம்ஸ்.

பாரத்தின் அடியில், இதைக் கண்டெடுப்பவர் லண்டன் கடற்படைச் செயலாளருக்கு அனுப்பிவைக்கவும், அல்லது பக்கத்துத் துறைமுகத்து பிரிட்டிஷ் கான்ஸலிடம் சேர்ப்பிக்கவும் என்று ஆறு மொழிகளில் அச்சடித்திருக்கிறது. ஆறும் ஐரோப்பிய மொழிகள். அந்தத் தீவில் நிஜமாகவே நடமாடுகிறவர்களின் மொழி ஒன்றே ஒன்றுதான். அதில் ஒரு வரி இல்லை.

அதே பயணத்தில் ஒரு படகும் கிடைத்தது. உள்ளே இரண்டு எலும்புக்கூடுகள். கூடவே பட்டுக் கைக்குட்டை, வாசனைச் சோப்பு, பல் துலக்கும் பிரஷ், செருப்பு, புத்தகங்கள், டீ, சாக்லெட். இவ்வளவையும் சறுக்குவண்டியில் ஏற்றிப் பசியோடு இழுத்திருக்கிறார்கள்.

இனூயிட் ஜனங்கள் 1854-க்குப் பிறகும் வாயை மூடவில்லை. 1879-ல் அமெரிக்கர் ஸ்வாட்கா தேடிப் போனபோது புஹ்டூராக் என்ற முதியவர் சொன்னார்: தெற்கே ஒரு கப்பலைப் பார்த்தோம், உள்ளே ஒரு பெரிய ஆளின் பிணம், பக்கத்தில் ஓட்டை போட்டு ஏறினோம், பனி உருகியதும் மூழ்கிவிட்டது என்று. எழுதி வைத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

பின்னால் கணக்கு நேராயிற்று. கிங் வில்லியம் தீவில் கிடைத்த எலும்புகளில் கத்தியால் அறுத்த தடம் இருக்கிறது என்று 1997-ல் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். 2014-ல் கனடாக்காரர்கள் எரிபஸ்ஸைக் கண்டுபிடித்தார்கள். முதியவர் கை காட்டிய வட்டாரத்திலேயே, வெறும் 11 மீட்டர் ஆழத்தில்.

டெரர் கிடைத்தது இன்னும் வேடிக்கை. ஸாமி கோக்விக் என்ற இனூயிட்காரர், மீன் பிடிக்கப் போனபோது உறைந்த குடாவில் ஒரு மரக்கம்பம் பனிக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, அதைக் கட்டிப்பிடித்துப் போட்டோவும் எடுத்துக்கொண்டார். வீடு வந்து பார்த்தால் காமிராவைக் காணோம்! போட்டோ இல்லாமல் யார் நம்புவார்கள் என்று சும்மா இருந்துவிட்டார். வருஷங்கள் போய், 2016 செப்டம்பரில் ஓர் ஆராய்ச்சிக் கப்பலில் போகும்போது பேச்சுவாக்கில் சொன்னார். இந்தத் தடவை கேட்டவர்கள் கப்பலை அந்தப் பக்கம் திருப்பினார்கள். டெரர் அங்கே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது, 24 மீட்டர் ஆழத்தில்.

2024-ல் வந்த செய்தியைப் படித்து நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. கத்தித் தடம் இருந்த ஒரு தாடை எலும்பை டி.என்.ஏ. சோதனையில் யாருடையது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். காப்டன் ஃபிட்ஸ்ஜேம்ஸ். அந்தக் காகிதத்தின் ஓரத்தில் எழுதியவர். எனக்கு இதில் அருவருப்பாக ஒன்றும் தோன்றவில்லை. பசியைத் தவிர வேறு எதையும் என்னால் பார்க்க முடியவில்லை.

வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் பிராங்க்ளினுக்கு 1875-லேயே சலவைக்கல் நினைவுச் சின்னம் வைத்துவிட்டார்கள். அதன் அருகில் ஜான் ரேக்கு ஒரு கல் பதித்தது 2014-ல்.

பிராங்க்ளினின் சமாதி மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. கிங் வில்லியம் தீவில் வாழ்ந்த லூயி காமுக்காக் என்ற இனூயிட் சரித்திரக்காரர், சின்ன வயதில் பூட்டி சொன்ன கதையில் ஆரம்பித்து, ஊர்ப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு, வெள்ளைக்காரர்கள் எழுதியதோடு ஒப்பிட்டு அதைத் தேடிக்கொண்டே இருந்தார். 2018-ல் காலமானார்.