சீரியல் கார்டு வாங்கப் போகிறவர்களுக்கு

மல்டிபோர்ட் சீரியல் கார்டு வாங்கப் போகும் புதுப் பையன்கள் எட்டா பதினாறா என்று போர்ட்டைத்தான் எண்ணுகிறார்கள். சிப்பின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணை முதலில் படிக்கச் சொல்வேன். தொண்ணூறுகளில், வங்கிக் கிளைகளில் எஸ்சிஓ யூனிக்ஸ் ஓடிய காலத்தில், என் சீனியர் எனக்குக் கொடுத்த முதல் வேலையே அதுதான். ஒரே சர்வர், கவுண்டருக்குக் கவுண்டர் டம்ப் டெர்மினல், பாஸ்புக் பிரிண்டர். அத்தனைக்கும் நடுவில் ஒரு கார்டு.

16450 என்று போட்டிருந்தால் அவர் தொடவே மாட்டார். 115200 வேகத்தில், ஸ்டார்ட் ஸ்டாப் சேர்த்து எழுத்துக்குப் பத்து பிட் என்றால், நொடிக்கு 11,520 எழுத்து வரும். அதாவது 87 மைக்ரோ நொடிக்கு ஒன்று. 16450இல் வந்ததை வைத்துக்கொள்ள ஓர் எழுத்துக்குத்தான் இடம். சிபியு டிஸ்க் வேலையில் மாட்டியிருக்கும்போது அடுத்தது வந்துவிட்டால் முந்தையது போச்சு. 16550ஏ சிப்பில் 16 பைட் ஃபைஃபோ இருக்கிறது. 14 சேர்ந்ததும் இன்டரப்ட் கொடு என்று வைத்தால், சிபியு ஓடி வருவதற்கு இன்னும் இரண்டு எழுத்து நேரம் மிச்சம். கடைசியில் இருக்கும் அந்த ஏ முக்கியம். ஏ இல்லாத ஆரம்பகால 16550இல் ஃபைஃபோ பழுதுள்ளது. இன்று பிசிஐ எக்ஸ்பிரஸில் வாங்குகிறவர்கள் 256 பைட் ஃபைஃபோ உள்ள எக்ஸார் சிப் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

பழைய கார்டுகளில் சீனியர் அடுத்துத் தேடுவது 1488 லைன் டிரைவரும் 1489 லைன் ரிசீவரும் சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கின்றனவா என்று. ஐப்பசி மழையில் இடி விழுந்தால் நீளமான கேபிள் வழியாக அடி வாங்குவது பெரும்பாலும் அவைதான். கேபினெட்டைத் தொட்டுவிட்டு, மெல்லிய ஸ்க்ரூடிரைவரை நுழைத்து, இந்த முனையில் கொஞ்சம், அந்த முனையில் கொஞ்சம் என்று நெம்புவார்; ஒரு கால்கூட வளையாது. சால்டர் செய்த கார்டாக இருந்தால் அன்றைக்குக் கவுண்டர் மூடல்தான். ஐசி விலையைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

கார்டு நல்லதாக இருந்தும் செத்ததாகத் தோன்றும். எஸ்சிஓவில் ஒரு போர்ட்டுக்கு இரண்டு பெயர்: சின்ன ஏ என்றால் மோடம் கன்ட்ரோல் இல்லை, பெரிய ஏ என்றால் உண்டு. உடன் வேலை பார்த்த ஒருவர் மூன்று ஒயர் கேபிளைப் போட்டுவிட்டுப் பெரிய ஏயை எனேபிள் செய்திருந்தார். கேரியர் சிக்னல் வராமல் லாகினும் வரவில்லை. மத்தியானம் முழுக்க கார்டைக் கழற்றிக் கழற்றி மாட்டினார். சீனியர் வந்து அந்த ஓர் எழுத்தை மாற்றிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

டிரைவர் விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதக்காரன். சிடியில் டிரைவர் தருகிறோம் என்றால் வேண்டாம். லினக்ஸ் கர்னலுக்குள்ளேயே இருக்க வேண்டும். அதிலும் சாதாரண 8250 டிரைவரே பிடித்துக்கொள்ளும் கார்டு உத்தமம். சொந்த பிராசசர் வைத்த கார்டுகள் அந்தக் காலத்து ராஜாக்கள்தான், ஆனால் சைக்ளேட்ஸ், ராக்கெட்போர்ட் டிரைவர்களைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் 2021இல் கர்னலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். கார்டில் எட்டு போர்ட் இருந்தும் சில மட்டும் தெரிந்தால் பதறாதீர்கள். பல கர்னல்கள் முதலில் நான்கைத்தான் திறக்கும். பூட் வரியில் 8250இன் யுஆர்ட் எண்ணிக்கையைக் கூட்டினால் போதும்.

ஆக்டோபஸ் கேபிளைக் கார்டோடு சேர்த்தே வாங்குங்கள். ஆர்ஜே45 பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

காசு கொடுக்குமுன் ஒன்பது பின் கனெக்டரில் 2ஐயும் 3ஐயும், 7ஐயும் 8ஐயும் இணைத்து லூப்பேக் செய்து, எல்லா போர்ட்டிலும் ஒரே நேரத்தில் பெரிய ஃபைலை ஓட விடுங்கள். போனதும் வந்ததும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். 8250 டிரைவர் என்றால், பிராக் அடைவில் டிடிஒய்க்குள் இருக்கும் சீரியல் கணக்கில் ஓஇ என்று ஓவர்ரன் எண்ணிக்கை வரும். இன்னொரு மெஷினில் மாட்டியும் அது ஏறிக்கொண்டே போனால், கார்டைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.