தன்னை மறந்து வாசித்தல்

இசைக்கருவியில் இசை எழுப்புவதை ஆங்கிலேயரும் செருமானியரும் பிரெஞ்சு மக்களும் ‘விளையாடுதல்’ எனப் பொருள்படும் சொல்லாலேயே குறிக்கின்றனர். தமிழராகிய நாமோ அதனை ‘வாசித்தல்’ என்கிறோம். ஏட்டை வாசிப்பதும் வாசிப்பே. வயலினை வாசிப்பதும் வாசிப்பே. இவ்விரு வழக்குகளையும் அருகருகே வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். விளையாட்டில் ஆழ்ந்த குழந்தை, தன்னைப் பிறர் காண்கின்றனரா என்று திரும்பிப் பார்ப்பதில்லை. நல்ல நூலில் ஆழ்ந்த வாசகனும், தான் எவ்வளவு அழகாக வாசிக்கிறோம் என்று நடுவில் நின்று வியந்துகொள்வதில்லை. குழந்தையின் மனம் மணல்வீட்டில் இருக்கிறது. வாசகனின் மனம் நூலில் இருக்கிறது. அவ்வாறே இசைப்பவரின் மனம் இசையில் இருத்தல் வேண்டும். கேட்பதற்கு எளிய இவ்வுண்மை, நாலு பேர் முன்னிலையில் கருவியைக் கையில் எடுத்ததும் எங்கோ மறைந்துவிடுகிறதே, அது ஏன்?

எங்கள் பங்கின் பாடற்குழுவில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வயலின் வாசித்து வருபவன் நான். மேடையேறிப் புகழ்பெற்ற வித்துவான் அல்லன்; அலுவலகப் பணி முடிந்தபின் ஒத்திகைக்குச் செல்லும் சாதாரணக் குடும்பத்தலைவன். வீட்டில் தேனாக இசைப்பவர் கூட்டத்தின் முன் கல்லாக இறுகிப் போவதை இந்த ஆண்டுகளில் பலமுறை கண்டிருக்கிறேன். ஆயினும் இதைப்பற்றி ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய நிலை என் இல்லத்திலேயே ஏற்பட்டது.

பெட்டிக்குள் போன வயலின்

என் இளைய மகள் எட்டு வயது முதல் வயலின் பயின்றவள். பதினான்காம் வயதில் ஒரு கலைவிழாவில் தனித்து வாசிக்க அழைக்கப்பட்டாள். முதல் வரியிலேயே வில் நடுங்கியது. நடுங்குகிறதே என்று அவள் எண்ண எண்ண, நடுக்கம் மிகுந்தது. இடையில் நிறுத்தி, மறுபடியும் தொடங்கி, ஒருவாறு முடித்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கினாள். முன்வரிசையில் இருந்த ஒருவர் அதனைக் கைப்பேசியில் பதிவு செய்திருந்தார். அன்றிரவே அப்பதிவு உறவினர் பலரையும் எட்டிவிட்டது. மறுநாள் வயலின் பெட்டிக்குள் போயிற்று. பெட்டி கட்டிலுக்கடியில் போயிற்று.

“எனக்கு இனி இது வேண்டாம் அப்பா. வில்லைத் தொட்டாலே அந்த மேடைதான் நினைவுக்கு வருகிறது” என்றாள்.

நாங்கள் வற்புறுத்தவில்லை. ஆனால் ஆறாண்டு உழைப்பும், அதனினும் மேலாக ஒரு பிள்ளையின் மகிழ்ச்சியும் அப்பெட்டிக்குள் அடைபட்டுக் கிடப்பதைக் காண எங்கள் உள்ளம் வருந்தியது.

நடுக்கம் எங்கிருந்து வருகிறது?

அச்சம் தோன்றியதும் அட்ரினலின் என்னும் சுரப்புநீர் குருதியில் கலக்கிறது. நெஞ்சு விரைந்து துடிக்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது, உள்ளங்கை வியர்க்கிறது, விரல்நுனி குளிர்ந்துபோகிறது. புலியைக் கண்டு ஓடுவதற்கு இவ்வேற்பாடு பெரிதும் உதவும். வில்லை மெல்ல இழுப்பதற்கு உதவாது. கையில் தோன்றும் சிறு நடுக்கமும் நீண்ட வில்லின் வழியே பெருகித் தந்தியில் ஒலியாகிவிடுகிறது. ஆகவே வில் நடுங்குவதை ஒருவரின் திறமைக்குறைவு என்று எண்ணுதல் பொருந்தாது. அது உடலின் இயல்பு.

மாபெரும் கலைஞரும் இதற்கு விலக்கல்லர். செல்லோ இசையில் இணையற்றவராகப் போற்றப்பட்ட பாப்லோ கசால்ஸ் (1876–1973) வாழ்நாள் முழுவதும் மேடையச்சத்தால் துன்புற்றார். 1901-ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் மலையேறியபோது ஒரு பாறை உருண்டு அவருடைய இடக்கையை நசுக்கியது. இனிச் செல்லோ வாசிக்க வேண்டியதில்லை என்ற நிம்மதியே தம் உள்ளத்தில் முதலில் எழுந்ததாக அவரே பின்னாளில் நினைவுகூர்ந்தார். கை குணமாகியது; அவர் மேலும் எழுபது ஆண்டுகள் இசைத்தார். அச்சம் நீங்கிய பின்னரே இசைக்க முடியும் என்றிருந்தால், உலகம் கசால்ஸை இழந்திருக்கும் அன்றோ!

உள்ளிருக்கும் தேர்வாளர்

டென்னிஸ் பயிற்சியாளரான அமெரிக்கர் திமோத்தி கால்வே 1974-இல் ஒரு நூல் வெளியிட்டார். ஆடும் மனிதனுக்குள் இருவர் இருப்பதாக அவர் விளக்கினார். ஒருவன் ஆடுகிறான், மற்றொருவன் அவன் அருகில் நின்று ஓயாமல் ஆணையிடுகிறான், குறை கூறுகிறான். பேசுகிறவன் ஓய்ந்தால்தான் ஆடுகிறவன் தன் முழுத்திறனையும் காட்ட இயலும். அமெரிக்காவின் சின்சினாட்டி சிம்பொனி இசைக்குழுவில் டபுள் பாஸ் வாசித்த பாரி கிரீன் இக்கருத்தை இசைக்குப் பொருத்தி, கால்வேயுடன் இணைந்து 1986-இல் ஒரு நூல் எழுதினார். நமக்குள்ள ஆற்றலிலிருந்து நாமே ஏற்படுத்திக்கொள்ளும் இடையூற்றைக் கழித்தால் மிஞ்சுவதே மேடையில் வெளிப்படுகிறது என்பது அவர்கள் காட்டும் கணக்கு.

அந்த உட்குரலை ‘வாயை மூடு’ என்று அதட்டி அடக்க முடியுமா? முடியாது. அதட்டுவதும் அதே குரல்தானே! ‘பயப்படாதே’ என்று பிள்ளைக்குச் சொன்னால், பயம் என்னும் சொல்லே அதன் காதில் நின்றுவிடுகிறது. மனத்தை வெறுமையாக வைக்க இயலாது. அதற்கு வேறொரு வேலை தரவேண்டும். ஒரு சுரம் தொடங்கி முடியும்வரை அதனைத் தொடர்ந்து கேட்பதும், சுருதிப்பெட்டியின் ஒலியோடு தன் ஒலி இழைகிறதா என்று கவனிப்பதும் அத்தகைய வேலைகளே.

பிடியைத் தளர்த்தும் கலை

மனத்துக்குச் சொன்னது கைக்கும் பொருந்தும். வயலின் ஐரோப்பாவிலிருந்து வந்த கருவி. முத்துசாமி தீட்சிதரின் தம்பியாகிய பாலுசாமி தீட்சிதர் அதனைப் பயின்று கருநாடக இசைக்கு உரியதாக்கினார். மேலைநாட்டார் தாடையின்கீழ் அணைத்துப் பிடிக்கும் அக்கருவியை, நம்மவர் தரையில் அமர்ந்து, மார்புக்கும் வலக்காலுக்கும் இடையே சாய்த்து வாசிக்கின்றனர். கருவியின் பாரத்தை மார்பும் காலும் தாங்கிக்கொள்வதால் இடக்கை விடுதலை பெறுகிறது. சுரங்களை அசைத்து இழைக்கும் கமகம் அவ்விடுதலையிலிருந்தே பிறக்கிறது. பெருவிரல் கருவியின் கழுத்தை இறுகப் பற்றிவிட்டால் மற்ற விரல்கள் வழுக்கிச் செல்ல மாட்டா. கமகம் அங்கேயே செத்துவிடும். ‘பிடியை விடு’ என்பதே வயலின் ஆசிரியர் மாணவரிடம் மிகுதியாகக் கூறும் சொல்லாக இருக்கலாம்.

இருட்டில் ஒலித்த பாட்டு

என் மகளின் வயலின் பெட்டிக்குள் போய் மூன்று மாதங்கள் ஆகியிருந்தன. எண்பது வயதைக் கடந்த என் தாயார் அப்போது எங்களுடன் இருந்தார். நினைவு பெரிதும் மங்கி, பேத்தியின் பெயரையும் மறந்திருந்தார். ஒரு நாள் அந்திக்குப் பின் மின்சாரம் நின்றுபோயிற்று. இருள் சூழ்ந்ததும் தாயார் அஞ்சிப் புலம்பத் தொடங்கினார். என் மனைவி கையைப் பற்றிக்கொண்டு ஆறுதல் கூறியும் அடங்கவில்லை.

“அப்பாயி, நான் இங்கேதான் இருக்கிறேன்” என்று கூறியபடி என் மகள் கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்தாள். தளர்ந்துபோன தந்திகளை இருட்டிலேயே காதால் கேட்டுக் கேட்டு முறுக்கிச் சுருதி சேர்த்தாள். பிறகு, தாயார் இளமையில் பாடிவந்த மாதா பாடல் ஒன்றின் மெட்டை வாசிக்கலானாள். சிறிது நேரத்தில் புலம்பல் ஓய்ந்தது. கட்டில் சட்டத்தின்மேல் விரல் தட்டும் ஓசை கேட்டது. அத்தட்டு மெட்டைவிட மெதுவாக இருந்தது. அதைக் கேட்ட என் மகள் தன் வேகத்தைக் குறைத்து, பாட்டியின் விரலோடு இணைந்து வாசித்தாள்.

அன்று வில் நடுங்கவில்லை. திண்ணையில் அமர்ந்திருந்த எனக்கு எதுவும் தெரியவில்லை எனினும், ஒலியிலிருந்து அதனை அறிந்தேன். கண்கள் பார்க்கவில்லை என்பதும் ஒரு காரணமாகலாம். ஆனால் அதுவே முழுக்காரணம் என்று நான் நம்பவில்லை. மேடையில் அவள் மனம் தன்மீதே திரும்பி நின்றது. கட்டிலருகே அது பாட்டியின் விரலில் நின்றது. தன்னை மறக்க வேண்டும் என்று அவள் முயலவில்லை. மறக்க முடியாத வேறொருவர் எதிரில் இருந்தார்.

ஆய்வும் அனுபவமும்

அமெரிக்காவில் சார்லஸ் லிம், ஆலன் பிரவுன் என்னும் இருவர் 2008-இல் வெளியிட்ட ஆய்வொன்று இங்கு நினைவுகூரத்தக்கது. ஜாஸ் பியானோ கலைஞர்களை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்து, சிறியதொரு விசைப்பலகையை வாசிக்கச் செய்து, அவர்களுடைய மூளையின் இயக்கத்தைப் பதிவு செய்தனர். மனப்பாடமான இசையை வாசித்தபோது காணப்பட்டதைவிட, கற்பனையாக இசைத்தபோது, தன்னைத்தானே கண்காணித்துத் திருத்துவதோடு தொடர்புடைய முன்மூளையின் பக்கப்பகுதிகள் அடங்கியிருந்தன. நடுப்பகுதியின் இயக்கமோ ஓங்கியிருந்தது. தேர்வாளர் சற்றே எழுந்து வெளியே சென்றார் எனலாம்.

ஆனால் தேர்வாளர் வெளியேறுவதற்கு முன் பாடம் உள்ளே சென்றிருக்க வேண்டும். இதனை மறந்தால் தளர்ச்சி சோம்பலாகிவிடும். 1990-களின் இறுதியில் நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில், போர்ச்சுகல் நாட்டுப் பியானோ கலைஞர் மரியா ஜோவாவ் பிரெஸ், மோட்சார்ட்டின் ஒரு படைப்பை வாசிக்கத் தம்மை ஆயத்தம் செய்துகொண்டு பார்வையாளர் முன்னே அமர்ந்தார். இசைக்குழு தொடங்கியதோ மோட்சார்ட்டின் மற்றொரு படைப்பு! அவர் முகத்தில் திகைப்பும் துயரமும் படர்ந்ததைக் காணொளியில் இன்றும் காணலாம். இசைக்குழுவை நடத்திய ரிக்கார்டோ ஷாயி இசையை நிறுத்தாமலே, புன்னகையுடன் அவரை ஊக்குவித்தார். பியானோ நுழையவேண்டிய இடம் வந்ததும் பிரெஸ் விசைகளில் கைவைத்தார். ஏடின்றி, நினைவிலிருந்தே வாசித்தார். ஆண்டுக்கணக்கில் அவருள் ஊறியிருந்த இசை அந்த வேளையில் அவரைத் தாங்கிற்று. கசால்ஸும் பதின்மூன்று வயதில் பார்சிலோனாக் கடையொன்றில் கண்டெடுத்த பாஹின் செல்லோ இசைத்தொகுதிகளை, பன்னிரண்டு ஆண்டுகள் பயின்ற பின்னரே பலர் முன்னிலையில் வாசித்தார். பயிற்சி வேளையில் கணக்குப் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். இசைக்கும் வேளையில் கணக்கேட்டை மூடிவைக்க வேண்டும்.

பாடற்குழுவில் இருப்போருக்கு இது சற்றே எளிது. அங்கே நாம் தனியாக இல்லை. கேட்கப்படுவதற்காக மட்டும் அங்கே நிற்கவுமில்லை. இறையியலார் ரொமானோ குவார்தினி 1918-இல் வெளியிட்ட தம் நூலில் திருவழிபாட்டைக் குழந்தையின் விளையாட்டோடு ஒப்பிட்டார். அவ்விளையாட்டுக்கு வெளிப்பயன் ஏதுமில்லை. ஆயினும் அது பொருள் நிறைந்தது என்றார். கட்டுரையின் தொடக்கத்தில் கண்ட அதே சொல் இங்கும் வந்து நிற்பதைக் காண்க.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

என் மகள் இப்போது பாடற்குழுவில் என் அருகில் அமர்ந்து வாசிக்கிறாள். அச்சம் அவளை விட்டு அகன்றுவிட்டது என்று சொல்வதற்கில்லை. பெருவிழா நாள்களில் முதற்பாடலில் வில் சற்று நடுங்குகிறது. “நடுங்கினால், பக்கத்தில் பாடுகிறவர் எங்கே மூச்சு விடுகிறார் என்று கேட்கிறேன் அப்பா. பிறகு நடுக்கம் எப்போது நின்றதென்று தெரிவதில்லை” என்றாள் ஒரு நாள். இதனினும் சிறந்த விளக்கத்தை நான் எந்த நூலிலும் கண்டதில்லை.

விருந்தினர் வந்ததும், “எங்கே, அந்தப் பாட்டை வாசித்துக் காட்டு” என்று பிள்ளையை முன்னே நிறுத்துவது நம் இல்லங்களில் வழக்கம். ‘காட்டு’ என்ற அச்சொல்லைச் சற்றே விலக்கிவைப்போம். வாசிக்கும் பிள்ளையின் முன் கைப்பேசியை உயர்த்திப் பிடிக்காமல், கையைக் கட்டிக்கொண்டு கேட்போம். வாசித்து முடித்ததும் பிழைகளை எண்ணிச் சொல்லாமல், “எந்த இடம் உனக்குப் பிடித்திருந்தது?” என்று வினவுவோம். பிள்ளை ஓரிடத்தைச் சொல்லும். “அதை மட்டும் இன்னொரு முறை வாசி, கேட்போம்” என்று சொல்லிவிட்டு அமைதியாக அமர்ந்திருப்போம். இரண்டாம் முறை ஒலிக்கும் அந்த இசை, முதன்முறை ஒலித்ததைவிட இனிமையாக இருப்பதை நீங்களே கேட்பீர்கள்.