மருபூமியில் ஒரு மாநகரம்

நெட்டுக்குப்பத்துவாசிகளுக்கு நீல நிறம் என்றால் கடல்தான் நினைவுக்கு வரும். எண்ணூர் முகத்துவாரத்தை அடுத்த இவ்வூரில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் காலட்சேபம் செய்யும் நாம், சென்ற அரையாண்டு விடுமுறையில் ராஜஸ்தானத்து ஜோத்பூருக்குப் பிரயாணம் செய்தோம்.

சமவெளியிலிருந்து சுமார் 400 அடி உயர்ந்து நிற்கும் பாறையின்மேல் மெஹரான்கட் கோட்டை இருக்கிறது. 1459-ல் ராவ் ஜோதா என்னும் அரசர் இந்நகரை ஸ்தாபித்தார். கோட்டைச் சுவரருகே நின்று கீழே நோக்கினோம். நீல வர்ணம் பூசிய வீடுகள் அலையலையாகப் பரந்து கிடந்தன. அவற்றுக்கு அப்பால் புதிய குடியிருப்புகள். அவற்றுக்கும் அப்பால் புழுதி நிறத்தில் வறண்ட பூமி. 2011-ஆம் வருஷத்துக் கணக்கின்படியே இங்கு 10 லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் வசித்தார்கள். இத்தனை பேருக்கும் தண்ணீர் ஏது?

கோட்டை கட்டுவதற்காக மலையிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட ஒரு துறவி, "இவ்வூரை நீர்ப்பஞ்சம் விடாதிருக்கட்டும்" என்று சபித்தாராம். இது கர்ணபரம்பரைக் கதை. ஆனால் ஊரார் சாபத்தை நொந்துகொண்டு சும்மா இருந்துவிடவில்லை. ஏரிகளும் படிக்கிணறுகளும் வெட்டி, மழைநீரைச் சேமித்தார்கள். இக்காலத்திலோ, பஞ்சாபில் சட்லெஜும் பியாஸும் கூடுமிடத்தில் புறப்படும் இந்திரா காந்தி கால்வாயின் நீர், பாலைவனத்தைக் கடந்து, யந்திரங்களால் ஏற்றப்பட்டு இந்நகருக்கு வருகிறது.

கோட்டையிலிருந்து இறங்கி, தூர்ஜி ஜாலரா என்னும் படிக்கிணற்றுக்குச் சென்றோம். 1740-களில் ஓர் அரசி கட்டுவித்தது அது. பல்லாண்டுக் காலம் குப்பையும் அழுக்கு நீரும் மண்டிக் கிடந்த அதை, சமீப வருஷங்களில்தான் சுத்தம் செய்திருக்கிறார்கள். செங்கல் படிகள் அல்ல; இளஞ்சிவப்புக் கல்லில் செதுக்கிய படிகள். கீழே நீர் தளதளவென்று நின்றது.

படியில் அமர்ந்திருந்த தலைப்பாகைக் கிழவர் ஒருவர், "மாஸ்டர்ஜி, தங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்டார். நமக்குத் தெரிந்த பள்ளிக்கூடத்து ஹிந்தியில், "ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் எங்கள் ஊர், பாபாஜி" என்றோம்.

கிழவர் கைகூப்பினார். "ஆறும் உண்டு, கடலும் உண்டா! தாங்கள் பாக்கியசாலிகள்" என்றார்.

கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிந்ததையும், 2023 டிசம்பர் வெள்ளத்தில் முகத்துவாரமெங்கும் எண்ணெய் பரவி, வலைகளும் படகுகளும் கறுத்ததையும் அவரிடம் எப்படிச் சொல்வது? இறாலும் நண்டும் தேடி ஆற்றில் இறங்குவோர் வீட்டுப் பிள்ளைகள்தாம் நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஜோத்பூருக்கு வந்தது முனிவர் சாபம் என்கிறார்கள். எண்ணூருக்கு வந்ததோ மனிதர் செய்தது. ஆகவே அதற்குப் பரிகாரமும் மனிதர் கையில்தான் இருக்கிறது. குப்பை மூடிய கிணறு ஒன்று மீண்டும் தெளிந்ததைக் கண்ணாரக் கண்டோம். அந்தச் செய்தியைத்தான் நம் பிள்ளைகளுக்குச் சொல்லப் போகிறோம்.