எலி கற்பித்த பாடம்

மோட்டார் சைக்கிள்கள் ஆயிரக்கணக்கில் உருவாகும் ஊரில் ஒரு மோட்டார் சைக்கிள் எலிக்கு இரையாயிற்று என்றால் கேட்போர் நகைப்பர். நானும் இன்று நகைக்கிறேன். ஆயினும் அந்நகைப்பின் அடியில் என் நாணமும் உறைந்து கிடக்கின்றது. அதனை மாணவச் செல்வங்களோடும் ஊர்ப் பெரியோர்களோடும் பகிர்ந்துகொள்ள இம்மலர் இடம் தந்தது.

எம் ஊர் வல்லம் வடகால். என் இளமையில் இது ஏரிகளும் நெல்வயல்களும் சூழ்ந்த சிற்றூர். அறுவடை முடிந்ததும் இருளர் மக்கள் கடப்பாரையோடு வந்து வரப்புகளைத் தோண்டி எலி பிடிப்பர். வளைக்குள் எலி சேர்த்து வைத்த நெற்கதிர்களும் அவர்களுக்குக் கிட்டும். இன்று அவ்வயல்களில் பெரும்பகுதி தொழிற்பூங்காவாகிவிட்டது. 1955-இல் இங்கிலாந்து நிறுவனத்தோடு மெட்ராஸ் மோட்டார்ஸ் கைகோத்துத் தொடங்கிய என்பீல்டு, திருவொற்றியூரில் வளர்ந்து, 2013-இல் ஒரகடத்திற்கும் 2017-இல் எம் ஊருக்கும் வந்து சேர்ந்தது.

அவ்வண்டி எம் ஊருக்கு வருமுன்பே எம் இல்லத்திற்கு வந்துவிட்டது. 1988-இல் என் அத்தா ஒரு புல்லட் வாங்கினார்கள். ஜும்ஆத் தொழுகைக்கும் நெல் வணிகத்திற்கும் அதில்தான் செல்வார்கள். நள்ளிரவில் எவர் வீட்டில் நோய் என்றாலும் அவ்வண்டியின் ஓசை தெருவில் கேட்கும். சாவி வாசற்கதவின் பின்னால் ஓர் ஆணியில் தொங்கும். கேட்டவர்க்கு இல்லை என்று அவர்கள் சொல்லி நான் கேட்டதில்லை.

2019-இல் அத்தா மறைந்தார்கள். மறு ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஊரடங்கு வந்தது. வண்டியைப் பழைய மாட்டுக்கொட்டகையில் நிறுத்தி, தார்ப்பாய் போர்த்திப் பூட்டினேன். ஊரடங்கு தளர்ந்தது, என் பூட்டு தளரவில்லை.

2021-இல் என் தமக்கையின் மகன் அருகிலுள்ள ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தான். ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டான்: “மாமா, தாத்தாவோட வண்டி சும்மாதானே நிக்குது? நைட் ஷிப்டுக்கு நான் எடுத்துக்கவா?”

“அது அத்தாவின் நினைவுப்பொருள். ஓட்டித் தேய்ப்பதற்கில்லை” என்றேன். அவன் மறுபேச்சுப் பேசவில்லை. கன்டெய்னர் லாரிகள் விரையும் சாலையில் மிதிவண்டியிலேயே சென்று வந்தான். அவன் திரும்பும்வரை என் தமக்கை உறங்காமல் காத்திருப்பதை நான் அறிவேன். அறிந்தும் பூட்டைத் திறக்கவில்லை.

அவ்வாண்டு நவம்பரில் பெய்த பெருமழையை எம் பகுதியினர் மறவார். எஞ்சியிருந்த வயல்களில் நீர் நிறைந்தது. வளையிழந்த எலிகள் மேட்டிலிருந்த வீடுகளை நாடின. தைத் திங்களில் கொட்டகையைத் திறந்தபோது பெட்ரோல் நெடி முகத்தில் அடித்தது. இருக்கையின் பஞ்சு தரையெங்கும் சிதறிக் கிடந்தது. வயர்கள் தோலுரிந்து செம்புக்கம்பி தெரிந்தது. ரப்பர்க் குழாய் கடிபட்டு, தொட்டியில் மிஞ்சியிருந்த பெட்ரோல் கசிந்திருந்தது. சுவருக்கு அப்பால் எம் அடுக்களை!

உறங்குமுன் விளக்கை அணையுங்கள், எலி திரியை இழுத்துச் சென்று வீட்டாரோடு வீட்டை எரித்துவிடக்கூடும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி நபிமொழித் தொகுப்பில் உண்டு. பலமுறை படித்த அச்செய்தியின் பொருள் அன்றுதான் என் நெஞ்சில் தைத்தது.

வண்டியின் டூல் பாக்ஸில் எலிக்குஞ்சுகள் கிடந்தன. அவற்றின் மெத்தை, அத்தா தம் கைப்பட வரவுசெலவு எழுதி வைத்த சிறு குறிப்பேடு. அது நூல்நூலாகக் கிழிந்திருந்தது. ஓரெழுத்தும் படிக்க இயலவில்லை. நினைவைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டே அதனை நான் இழந்திருந்தேன்.

எலியை நோவதில் பயனில்லை. அதன் முன்பற்கள் வாழ்நாளெல்லாம் வளர்பவை. கொறிக்காவிடில் அவை நீண்டு வாயை மூடவொட்டா. பல்லின் முன்புறம் கடினமான எனாமலும் பின்புறம் மென்மையான பகுதியும் இருப்பதால், கொறிக்கக் கொறிக்க உளிபோல் கூர்மை ஏறும். சினையுற்ற மூன்று வாரங்களில் குட்டி ஈனும். ஆளரவமற்ற இருட்டும் மெத்தைக்குப் பஞ்சும் கிடைத்தால் அதற்கு வேறென்ன வேண்டும்? பனி பெய்யும் நாடுகளில் குளிர்காலம் முழுதும் வண்டியை நிறுத்தி வைப்போர் பேட்டரியைக் கழற்றி, புகைக்குழாயின் வாயை அடைத்து, அடிக்கடி திறந்து பார்ப்பராம். நான் ஒருமுறையும் திறந்து பார்க்கவில்லை.

எலிப்படை கடலென ஒலித்தாலும் நாகத்தின் மூச்சுக்கு முன் நில்லாது என்கிறார் வள்ளுவர். எம் வயலோடு நாகமும் குறைந்தது. எலியோ ஒலிக்காமலே தன் செயலை முடித்தது. புறநானூற்றின் 190-ஆம் பாடலில் சோழன் நல்லுருத்திரன், பிறர்க்கு ஈயாது பொருளை இறுகப் பற்றுவோரை, கதிரைத் திருடி வளையில் நிறைக்கும் எலிக்கு ஒப்பிடுகின்றான். வகுப்பில் ஆண்டுதோறும் அப்பாடலை விளக்கிய நான், கொட்டகைக்குள் இருந்த எலி யார் என்று எண்ணிப் பார்த்ததில்லை.

செய்தியறிந்து தமக்கை மகன் வந்தான். முன்பு நான் மறுத்ததை ஒரு சொல்லாலும் சுட்டவில்லை. குஞ்சுகளை முறத்தில் எடுத்து வெளியே விட்டான். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் உழைத்து வயரிங் முழுதும் மாற்றினான். கம்பியைப் பிணைத்துக்கொண்டே, “ஓடுற வண்டியில எலி கூடு கட்டாது மாமா” என்றான். அவன் இயல்பாகத்தான் சொன்னான். எனக்கோ அது தீர்ப்பாகக் கேட்டது.

தந்தையர் விட்டுச்செல்லும் பொருள் நம் கையில் அமானிதம். அவர்கள் அதனை எவ்வாறு பிறர்க்குப் பயன்படுத்தினார்களோ அவ்வாறே பயன்படுத்துவதுதான் அதனைக் காக்கும் வழி. அலமாரியில் பூட்டிய நூலுக்கும், கற்றபின் எவர்க்கும் உரைக்காத கல்விக்கும் இது பொருந்தும் என்பதை மாணவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சாவி இப்பொழுது பழைய ஆணியிலேயே தொங்குகின்றது. இரவுப் பணி முடிந்து அவன் திரும்புகையில் தெருமுனையிலேயே அவ்வோசை கேட்கும். என் தமக்கை விளக்கை அணைத்துவிட்டு உறங்கச் செல்வாள்.