அம்மாவின் காரப் புதினா

அம்மாவின் புதினாத் தொட்டியைக் கொன்றது நான்தான். அவள் இறந்த மாதம் ஆபீஸில் ஆடிட். தண்ணீர் ஊற்றும் ஞாபகம் வந்தபோது தொட்டியில் சுள்ளிதான் மிச்சம்.

மார்க்கெட்டில் கட்டு கட்டாகப் புதினா கிடைக்கும்போது இதற்கென்ன துக்கம் என்பீர்கள். கடைப் புதினா வாசனையோடு சரி. அம்மாவுடையது நாக்கில் சுரீரென்று ஏறி, அப்புறம் மூச்சையே ஜில்லென்று ஆக்கும். 'காரப் புதினா' என்பாள். கொட்டச்சேட்டில் எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்தவள். கல்யாணமாகிச் சேலம் வந்தபோது டிரங்குப் பெட்டியோடு கொண்டுவந்த சீதனம் அது.

போன வெள்ளிக்கிழமை கேஷுவல் லீவு போட்டேன். கல்லூரியில் தாவரவியல் நடத்தும் நண்பனோடு குப்பனூர் வழியாக மலை ஏறினேன். லைன் வீடு இருந்த இடத்தில் சில்வர் ஓக் நிழலில் காப்பிச் செடி. அதற்குக் கீழே வாய்க்கால் ஓரச் சேற்றில், பத்தடி நீளத்துக்குப் புதினா!

"இரு, அழாதே" என்று லென்ஸை எடுத்தான் நண்பன். நான் அழவில்லை. கண்ணில் ஏதோ பூச்சி.

தண்டு சதுரம், அது எல்லாப் புதினாவுக்கும் பொது. ஸ்பியர்மின்ட் என்றால் இலை காம்பில்லாமல் தண்டோடு ஒட்டியிருக்குமாம். இதில் தெளிவாகக் காம்பு. பூ, கணுக்களில் இல்லாமல் நுனியில் கதிராக. கசக்கி மென்றால் அதே ஜில்.

"பெப்பர்மின்ட்டுடா. கலப்பு ஜாதி."

நீர்ப்புதினாவும் ஸ்பியர்மின்ட்டும் சேர்ந்து பிறந்ததாம். ஒன்றுக்கு குரோமோசோம் 96, இன்னொன்றுக்கு 48. பாதிப் பாதி வாங்கிக்கொண்டு இதற்கு 72. ஜோடி சரியாகச் சேராததால் விதை பிடிப்பதில்லை. 1696-ல் இங்கிலாந்தில் ஜான் ரே இதைப் பற்றி எழுதிவைத்தார். 1753-ல் லின்னேயஸ் மிளகை நினைத்து 'பைப்பெரிட்டா' என்று பெயர் வைத்தார். அம்மா லின்னேயஸைப் படித்ததில்லை.

"விதையே இல்லேன்னா இங்க எப்படிடா வந்துச்சு?"

"யாரோ நட்டிருக்கணும். அப்புறம் தண்டு தானா ஓடி வேர் விடும். ஒடிச்சு எங்க நட்டாலும் மகளும் இல்ல, பேத்தியும் இல்ல... அதே செடிதான்."

அப்படியானால் நான் கொன்ற செடி..? ஆபீஸ் கணக்கில் எனக்கு வராத வேகத்தில் விடை வந்தது.

ஈரக் கைக்குட்டையில் மூன்று கணு சுற்றிக்கொண்டு இறங்கினேன். "இதுக்கா லீவு போட்டீங்க?" என்ற மனைவி, ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டாள். பேசாமல் கொல்லைக்குப் போய் அம்மாவின் பழைய தொட்டியைத் தூக்கி வந்தாள்.

இப்போது புதிதாக ஐந்து இலை விட்டிருக்கிறது. தண்ணீர் ஊற்றும் வேலையை அவளே எடுத்துக்கொண்டுவிட்டாள். அடுத்த மாதம் எனக்கு மறுபடி ஆடிட்.