குன்றாண்டார்கோவில்: குகைக்கோயிலும் ஓர் ஏரிக் கல்வெட்டும்

புதுக்கோட்டை மாவட்டத்தின் 13 ஊராட்சி ஒன்றியங்களில் ஒன்றுக்குத் தன் பெயரைக் கொடுத்திருக்கும் ஊர் குன்றாண்டார்கோவில். கீரனூரைத் தலைமையிடமாகக் கொண்ட குளத்தூர் வட்டத்தைச் சேர்ந்தது. காவிரித் தண்ணீர் எட்டாத வானம் பார்த்த பூமி. மழை பெய்து கண்மாய் நிறைந்தால்தான் இங்கே நெல்.

ஊரின் அடையாளம் சிறு குன்றைக் குடைந்து எடுத்த சிவன் கோயில். சுவாமி பெயர் பர்வதகிரீஸ்வரர். குடைவரை 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. முன்னால் நிற்கும் மண்டபம் விஜயநகர காலத்துப் பணி. குதிரைகள் இழுக்க, கல் சக்கரங்களோடு தேர் ஒன்று புறப்படுவதுபோல வடித்திருக்கிறார்கள்.

சிற்பத்தை ரசித்துவிட்டுத் திரும்புகிறவர்கள் பலர். விவசாயிகள் அறிய வேண்டியது இங்குள்ள கல்வெட்டுச் செய்தி. பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில், அதாவது சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன், வாலி வடுகன் என்பவர் ஓர் ஏரி வெட்டினார். அதன் பெயர் 'வாலி ஏரி'. அவர் மன்னர் அல்ல, ஒரு தலைவரிடம் பணி செய்தவர். ஏரி வெட்டியது கல்லில் பொறிக்கும் அளவுக்குப் பெரிய காரியமாக இருந்தது.

சேற்றைத் தள்ளிய குமிழி

இம்மாவட்டத்துப் பழைய கண்மாய்கள் பலவற்றில், தண்ணீருக்குள் இரண்டு கல்தூண்கள் நிற்பதைப் பார்க்கலாம். அதுதான் குமிழி. கரையிலிருந்து உள்ளே தள்ளி, தரையில் கல்தொட்டி அமைத்திருப்பார்கள். தொட்டியின் மேல் துளையை அடைப்புக்கல் மூடியிருக்கும். கல்லைத் தூக்கினால் பாசனத் தண்ணீர் இறங்கும். அடியில் இருக்கும் சேறோடித் துளைகள் வழியாகச் சேறும் உடன் வெளியேறும். ஆக, பாசனம் நடக்கும்போதே தூர்வாரலும் ஓரளவு நடந்தது.

குமிழி பழுதாகி, வேறு மடை வந்த கண்மாய்களில் வண்டல் உள்ளேயே தங்குகிறது. வண்டல் ஏற ஏற, கொள்ளளவு குறைகிறது. வரத்து வாய்க்காலும் அடைபட்டால், நல்ல மழையிலும் கண்மாய் நிறையாது. கடைமடை வயல்தான் முதலில் காயும்.

யாரிடம் கேட்பது?

100 ஏக்கருக்குக் குறைவான ஆயக்கட்டு உள்ள கண்மாய்கள் பொதுவாக ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. அதற்கு மேற்பட்டவை நீர்வளத் துறையின் வசம். உங்கள் கண்மாய் எதில் வருகிறது என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். மனு சரியான மேசைக்குப் போகும்.

வண்டல் வயலுக்கு உரம். 2024 முதல், அரசு அறிவித்த கண்மாய்களில் விவசாயத்துக்குக் கட்டணமின்றி வண்டல் எடுக்க வட்டாட்சியரே அனுமதி தருகிறார். நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கனமீட்டர், புன்செய்க்கு 90 கனமீட்டர் வரை எடுக்கலாம். இ-சேவை மூலம் விண்ணப்பிக்கலாம். கரையை ஒட்டித் தோண்டக் கூடாது. கரை பலமிழக்கும்.

வரத்து வாய்க்கால் ஆக்கிரமிப்பைத் தனி ஆளாகப் பேசினால் பகைதான் மிஞ்சும். ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. கிராம வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஆயக்கட்டுக்காரர்கள் சேர்ந்து போய்த் தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள். அடுத்த கூட்டம் மே 1 என்றால், கோடையில் வேலை முடிந்து, ஐப்பசி மழைக்குக் கண்மாய் தயாராக வாய்ப்புண்டு.